அறுபத்திநாலு வீதம்

உள்ளுக்கு வாரும் பிள்ளை. சப்பாத்தைக் கழட்ட வேண்டாம், அப்பிடியே வாரும். இந்த வீட்டை நான் கூட்டி முடிக்கிறதுக்கிடையில அடுத்த புழுதி வந்து நிக்கும், அதால நான் கவலைப்படுறதை விட்டுக் கனகாலம். மாஸ்டர் பள்ளிக்கூடத்தில. மூண்டரைக்குத்தான் வருவார். அந்தக் கதிரையில இரும், மற்றதுக்குக் கால் ஆட்டம்.

கடைக்காரன் சொன்னவன், மாஸ்டர் வீட்டுக்கு அடிலெயிட்டில இருந்து கரண்ட் வேலைக்கு ஒரு ஆள் வருது எண்டு. தமிழ்ப் பிள்ளை எண்டு சொல்லேல்லை. அவனுக்கு என்ன தெரியும். பதினொரு வருசமா என்னை "மிசிஸ் சிங்" எண்டுதான் கூப்பிடுறான். குலசிங்கம் எண்ட பேரில அவன்ர வாய்க்குள்ள போனது அவ்வளவுதான். உம்மட பேர் என்ன சொன்னனீர்? நிரோஜினி. அம்மா அப்பா எவடம்? சாவகச்சேரியோ. சரி, சரி. ஒரு பொம்பிளைப்பிள்ளை ஏணியும் ஏத்திக்கொண்டு எழுநூறு கிலோமீற்றர் தனிய வந்திருக்கிறீர். உம்மைச் சொல்லிக் குற்றமில்லை. கூப்பிட்டவரைச் சொல்ல வேணும்.

இரும், இரும், அந்தப் பேப்பரை உள்ள வையும். அவர் என்ன எழுதிக் கூப்பிட்டிருப்பார் எண்டு எனக்குத் தெரியும். காரின்ர பற்றறியில பிழை, வந்து பாருங்கோ எண்டு எழுதியிருப்பார். நாலு மாசமா அந்த மனிசன் கராஜுக்குள்ள போறதும், குனிஞ்சு பாக்கிறதும், ஃபோனைத் தட்டுறதும், பெருமூச்சு விடுறதும். அந்தக் காரில ஒரு பிழையும் இல்லை பிள்ளை. நீர் அதுக்குக் கீழ படுத்து மினக்கெட வேண்டாம். தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு கேளும், நான் சொல்லுறன். நீர் நாளைக்குப் போற ஆள். உமக்குச் சொன்னா இந்த ஊரில ஒருத்தருக்கும் போய்ச் சேராது.

ஊரைப் பாத்தனீர்தானே. மில்லர்ஸ் வெல். மில்லர் எண்டு ஒருத்தன் வந்து கிணறு வெட்டினவனாம். மில்லரும் செத்துப்போனான், கிணத்திலயும் தண்ணி இல்லை, பேரை மட்டும் பலகையில எழுதி வைச்சிருக்கினம். எண்பத்திமூண்டு பேர். ஒரு கடை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு கிளினிக், குடிக்கிறதுக்கு ஒரு இடம். பெரிய ஆசுப்பத்திரி ஹார்லனில. இருநூற்றி முப்பது கிலோமீற்றர், அதில பாதி கல்லு ரோட்டு. "ரெண்டே ரெண்டு வருசம் மங்கை, தூர இடத்தில படிப்பிச்சா நல்லது" எண்டு சொல்லி மெல்பேணில இருந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவர். கணக்கு வாத்தியார். பதினொண்டை ரெண்டு எண்டு எண்ணுற கணக்கு.

இங்க ஆம்பிளையள் எல்லாரும் டீசல் பிக்கப்தான். நாயும் அதிலதான், பெஞ்சாதியும் அதிலதான். முந்தின வருசம் மார்கழியில ஒரு லொறி வந்து எங்கட வாசலில நிண்டு, முதுகில இருந்து ஒரு வெள்ளைக் காரை இறக்கினது. மின்சாரக் கார். இந்தச் செம்மண்ணில வெள்ளைக் கார் வாங்கின ஒரே மனிசன் இவர்தான். என்னட்டை முதல் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. "உமக்கு அதிசயமா இருக்கட்டும் எண்டுதான்" எண்டார். அதிசயமாத்தான் இருந்தது. எண்பத்திமூண்டு பேரும் வந்து பாத்தினம். கடைக்காரன் முன் மூடியைத் திறக்கச் சொல்லி, உள்ள எட்டிப் பாத்துப்போட்டு, "எஞ்சினைக் களவெடுத்திட்டாங்கள் மாஸ்டர்" எண்டான். எல்லாரும் சிரிச்சினம். இவரும் சேர்ந்து நிண்டு சிரிக்கிறார். தன்னைத்தான் நக்கலடிக்கிறாங்கள் எண்டு விளங்காத சிரிப்பு.

பிறகு கூரை. இருபத்தாறு சூரியத் தகடு. நாலு நாள் அந்த வெயிலில தானே ஏறி நிண்டு பூட்டினவர். ஊர் ஜெனரேற்றர் கரண்டைக் காருக்கு எடுக்க மாட்டாராம், அது டீசலில ஓடுறதாம். "மழை பெய்து ரோட்டு அடைச்சா டீசல் லொறி வராது மங்கை. சூரியன் வராமல் விடுமே?" எண்டார். சூரியன் ஏதோ தான் வேலைக்கு வைச்சிருக்கிற ஆள் மாதிரி.

ஏன் இந்த விசர் எண்டு நீர் கேக்கேல்லை, நானே சொல்லுறன். தொண்ணூற்றி ஒண்டில, சண்டைக்குள்ள, எங்கட ஊரில பெற்றோல் இல்லை. நீர் பிறக்கேல்லை, உம்மட அம்மாவைக் கேளும். மண்ணெண்ணெயில மோட்டார் சைக்கிள் ஓடின காலம். பேருக்கு ரெண்டு துளி பெற்றோல் விட்டுத்தான் கிளப்பிறது. அப்ப இவற்ற ஐயாவுக்கு, என்ர மாமாவுக்கு, நெஞ்சு நோ. பக்கத்து வீட்டில ஒரு பழைய கார் நிண்டது. இவர் போத்திலைக் கொண்டு பதினேழு வீடு ஏறி இறங்கி, கிடைச்சதையெல்லாம் ஊத்தி, புகை தள்ளத் தள்ள ஐயாவைக் கொண்டு போனவர். ஆசுப்பத்திரிக்கு ஒரு மைல் இருக்க, சந்தியில கார் நிண்டிட்டுது. ஐயாவின்ர உசிர் அதுக்குள்ளயே போயிட்டுது. கதை அவ்வளவுதான். எல்லாற்ற வீட்டிலயும்தான் செத்தவை. என்ர அண்ணன்மார் ரெண்டு பேர். அதுக்காக நான் கூரை முழுக்கத் தகடு அடிச்சனானே? முப்பத்திநாலு வருசமாச்சு. இந்த நாட்டில டாங்கி டாங்கியா எண்ணெய் இருக்கு. இவர் இன்னும் அந்த வெறும் போத்திலோடதான் நடக்கிறார்.

பிரிட்ஜில ஒட்டியிருக்கிற அந்தத் தாளைப் பாரும். அவற்ற கையெழுத்து. பத்து மணியில இருந்து மூண்டு மணி மட்டும் ஏசி வேண்டாம், கிரைண்டர் வேண்டாம், உடுப்புத் தோய்க்கிற மெசின் வேண்டாம். அந்த நேரத்து வெயில் காருக்கு. மேல "முடிஞ்சால்" எண்டு ஒரு சொல்லுப் போட்டிருக்கிறார்தான். அதெல்லாம் வாத்தியார்மார் எழுதுறது. நாப்பத்திநாலு பாகை வெயில் பிள்ளை. வெளியில காகம் வாயைத் திறந்துகொண்டு நிக்கும். நான் ஈரத் துவாயைக் கழுத்தில போட்டுக்கொண்டு இந்தச் சீமெந்து நிலத்தில கிடப்பன். கராஜுக்குள்ள கார் வயிறு முட்டக் குடிச்சுக்கொண்டு நிக்கும். அதில ஒரு பச்சை வெளிச்சம், மெல்ல மெல்ல அணைஞ்சு எரியும், நல்ல நித்திரையில மூச்சு விடுற மாதிரி. நான் மாமியை எட்டு வருசம் வைச்சுப் பாத்தனான். அவ இவ்வளவு கேக்கேல்லை.

சொன்னால், "அஞ்சு மணித்தியாலம்தானே மங்கை" எண்டுவார். அவருக்கென்ன. பள்ளிக்கூடத்தில ஏசி.

சரி, அந்த நாளுக்கு வாறன். போன கார்த்திகை, வெள்ளிக்கிழமை. இங்க வருசத்துக்கு ஒருக்கால் குதிரை ரேஸ் வைப்பினம், மேற்கால தொண்ணூறு கிலோமீற்றரில. குதிரையும் கிழடு, ஓட்டுறவனும் கிழடு. ஆனால் ஊரே வெளிக்கிட்டுப் போகும், தொப்பியும் பூவும் சருகைச் சட்டையுமா. அண்டைக்கும் எல்லாரும் போயிட்டினம். எங்களையும் கேட்டவை. குதிரை ஓடுறதைப் பாக்க நான் தொண்ணூறு கிலோமீற்றர் போவனே?

பள்ளிக்கூடமும் லீவு. லீவு எண்டா மனிசன் வீட்டில நிக்க வேணும்தானே. ஒன்பதரைக்கு, "கொப்பி திருத்த இருக்கு" எண்டு கொப்பிக் கட்டைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டார். வாசலில நிண்டு, "நீரும் வாருமன், அங்க குளிர்ச்சியா இருக்கும்" எண்டார். பாரும் கதையை. என்ர வீட்டுக்குள்ள நான் குளிர்ச்சியா இருக்கக் கூடாது, பள்ளிக்கூடத்து வாங்குப் பலகையில போய்க் குந்தியிருக்க வேணும்.

பத்து மணிக்குக் கராஜுக்குள்ள போனன். காருக்குக் கரண்ட் ஏத்துற வயரைக் கழட்டினன். சும்மா இழுத்தால் வராது, பூட்டு ஒண்டு இருக்கு, காரைத் திறந்தால்தான் விடும். அதெல்லாம் எனக்குத் தெரியும், பதினொரு மாசம் பாத்துக்கொண்டுதானே இருந்தனான். முதல் நாள் ஒரே புழுதி மூட்டம், வெயில் சரியாப் படேல்லை, அதால உள்ள திரையில அறுபத்திநாலு வீதம் எண்டு நிண்டது. நிக்கட்டும் எண்டன். வயரைச் சுருட்டிச் சுவரில தொங்கவிட்டுப்போட்டு வந்து ரெண்டு ஏசியையும் போட்டன். உழுந்து அரைச்சன். உடுப்புத் தோய்ச்சன். ஒரு சட்டி முறுக்குச் சுட்டன், ஆருக்கு எண்டு தெரியாமலே. பிறகு போர்வையை எடுத்துப் போர்த்துக்கொண்டு படுத்தன். ஓம் பிள்ளை, போர்வை. நடு மத்தியானம், இந்த ஊரில, போர்வை. அப்பிடி ஒரு நித்திரை நான் கலியாணம் முடிச்சதுக்குப் பிறகு கொண்டதில்லை.

கதவில தட்டுற சத்தத்துக்குத்தான் முழிச்சன். மூண்டு மணி. நேர்ஸ் ஜானிஸ் நிக்கிறா, வேர்த்து ஒழுகிக்கொண்டு. "மாஸ்டர் எங்க? அவற்ற கார் வேணும்" எண்டா.

இங்க மூண்டாம் வீட்டில ரெஜ் எண்டு ஒரு கிழவன் இருக்கிறார். அப்ப எண்பத்திரண்டு வயசு. தனி ஆள். முந்தி ரோட்டு மட்டம் போடுற மெசின் ஓடினவர், ஹார்லன் ரோட்டு முழுக்க அவர் போட்டதுதான். அந்த ரோட்டில வந்தனீர்தானே, ஆள் எப்பிடி எண்டு நீரே விளங்கிக்கொள்ளும். அவருக்கு அண்டைக்கு மத்தியானம் இடது கண்ணில கறுத்தச் சீலை தொங்கின மாதிரி இருந்ததாம். ஜானிஸ் அடிலெயிட்டுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டால், கண்ணுக்குள்ள இருக்கிற சவ்வு கழண்டிட்டுது எண்டினமாம். உடன கொண்டு வந்தால் ஒட்டிப் பாக்கலாம், பிந்தினால் கண் இல்லை. ஹார்லனில இருந்து ஏழு மணிக்கு ஒரு பிளேன். பறக்கிற டொக்டர்மாரின்ர பிளேன் அடுத்த நாள் மத்தியானம்தான், உசிர் போற ஆக்களுக்கு முதலிடம். அம்புலன்ஸ் ரேஸுக்குப் போயிட்டுது, குதிரையால விழுறவைக்குக் காவல் நிக்க. ஊரில ஒரு பிக்கப் இல்லை. எங்கட வெள்ளைக் கார் ஒண்டுதான்.

"மாஸ்டர் பள்ளிக்கூடத்தில" எண்டன். ஜானிஸ் அங்க ஓடினா. நான் ரெண்டு ஏசியையும் நிப்பாட்டிப்போட்டு, கராஜுக்குள்ள போய், வயரைத் திரும்பக் கொளுவி விட்டன்.

என்ன அப்பிடிப் பாக்கிறீர். முறுக்கை எடும்.

அஞ்சு நிமிசத்தில ரெண்டு பேரும் வருகினம். ஜானிஸ் கேக்கிறா, "ஹார்லன் வரைக்கும் போகுமோ மாஸ்டர்?" எண்டு. நீர் அந்த முகத்தைப் பாத்திருக்க வேணும். பதினொரு மாசம் அந்த மனிசன் அந்தக் காரைத் துடைச்சுத் துடைச்சு வைச்சுக்கொண்டு, ஆரும் ஒருத்தர் கேக்க மாட்டினமோ எண்டு பாத்துக்கொண்டிருந்தது. கலியாண வீட்டில பந்தியில கூப்பிடாமல் விட்டு, கடைசியா ஒருத்தன் வந்து "வாங்கோ" எண்டால் முகம் எப்பிடி இருக்கும், அப்பிடி. "போகும், வடிவாப் போகும்" எண்டு சொல்லிக்கொண்டே கராஜுக்குள்ள போனார். நானும் பின்னால போனன்.

கதவைத் திறந்து திரையைப் பாத்தார். அறுபத்திநாலு. பாத்துக்கொண்டே நிண்டார். பிறகு திரும்பி என்னைப் பாத்தார். நான் துவாயில கையைத் துடைச்சுக்கொண்டு நிண்டன். வீட்டுக் கதவு திறந்திருந்தது, உள்ள இருந்து குளிர் காத்து எங்கட காலில வந்து படுது. அவர் ஒண்டும் கேக்கேல்லை. ஃபோனை எடுத்துக் கணக்குப் போட்டார். "ஏசி போடாமல், எண்பதுக்கு மேல ஓடாமல் போனால், இருநூற்றி நாப்பது வரும்" எண்டார். எனக்குச் சொல்லேல்லை, தனக்குச் சொன்னார். பிறகு என்னைப் பாத்து, "ரெண்டு துவாயை நனைச்சுத் தாரும்" எண்டார். நனைச்சுக் குடுத்தன்.

நான் அப்பவே சொல்லியிருக்கலாம் எண்டு நினைக்கிறீர். என்னத்தைச் சொல்லுறது? திரையில இலக்கம் நிக்குது, நான் மறைக்கேல்லை. கணக்கு வாத்தியார், பாத்துத்தானே ஏறுறார். நான் சொன்னால் கார் நிரம்பியிடுமோ? "கரண்ட் குறைவு எண்டு தெரிஞ்சிருந்தால் ரேஸுக்கு ஒரு ஃபோன் அடிச்சிருக்கலாம், ஆரும் ஒருத்தன் பிக்கப்பில பின்னால வந்திருப்பான்" எண்டு பிறகு கடையில கதைச்சினம். பிறகெண்டால் எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

மிச்சம் ரெஜ் கிழவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போகப் போக எதிர்க்காத்தாம். கண்ணாடியை இறக்கினால் புழுதி, ஏத்தினால் வெக்கை. கிழவன்ர தலையில ஈரத் துவாயைப் போட்டு, இவர் திரையையும் ரோட்டையும் மாறி மாறிப் பாத்துக்கொண்டு ஓடினவராம். ஹார்லனுக்குப் பத்தொன்பது கிலோமீற்றர் இருக்க, கார் மெதுவாகி, மெதுவாகி, ஓரமாப் போய் நிண்டுதாம். ஆறு மணி இருக்கும். ஃபோனுக்குச் சிக்னல் இல்லை. இவர் இறங்கி நடக்க வெளிக்கிட்டவராம். கிழவன் கையைப் பிடிச்சு, "நில்லு, நீயும் விழுந்தால் ஒற்றைக் கண்ணோட உன்னை ஆர் தேடுறது" எண்டு இருத்தினவராம். அந்தக் கிழவனுக்கு இருக்கிற அறிவு இவருக்கு இல்லை.

ரெண்டு பேரும் காரின்ர நிழலில நிலத்தில இருந்தவையாம். இவர் கிழவன்ர கையை விடேல்லையாம். தமிழில என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தவராம். ரெஜ் ஒருநாள் என்னட்டைக் கேட்டவர், "உன்ர மனிசன் அண்டைக்கு என்னைத் திரும்பத் திரும்ப ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டார், ஐயா, ஐயா எண்டு, அது என்ன?" எண்டு. வயசு போன ஆக்களை நாங்கள் அப்பிடிக் கூப்பிடுறது, மரியாதைக்கு எண்டு சொல்லி விட்டன்.

ஏழே முக்காலுக்கு மாடு ஏத்துற லொறி ஒண்டு வந்து ஏத்திக்கொண்டு போனதாம். அதுக்கிடையில பிளேன் போயிட்டுது. அடுத்த நாள் மத்தியானம்தான் அடிலெயிட். வெட்டிப் பாத்தினம், சரி வரேல்லை. இப்ப அந்தக் கண்ணில வெளிச்சம் மட்டும் தெரியுமாம், ஆள் தெரியாது. மற்றக் கண் இருக்குத்தானே. எண்பத்திரண்டு வயசில ஒரு கண் போதாதே?

இனித்தான் பகிடியைக் கேளும். இவர் திரும்பி வந்து ஊர் முழுக்க என்ன சொன்னவர் தெரியுமோ? "காலமை வயரைக் கொளுவ மறந்திட்டன். என்ர பிழை" எண்டு. கடையில சொன்னவர், கிளினிக்கில சொன்னவர், ரெஜ் வந்த அண்டைக்கு அவற்ற கட்டிலுக்குப் பக்கத்தில நிண்டு சொன்னவர். காலமை ஏழு மணிக்குத் தன்ர கையால கொளுவினவர் பிள்ளை. நான் கண்ணால கண்டனான், இந்த யன்னலால. கொளுவினதையே மறந்துபோய், மறந்தது தான்தான் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறார். மூளை அவ்வளவுதான். நான் ஏன் திருத்த வேணும்? அவரே நம்புறார், ஊரும் நம்புது.

ஆரோ எங்கட கேற்றில ஒரு கட்டி இழுக்கிற கயிறைக் கொண்டுவந்து தொங்க விட்டிருந்தினம். நல்ல மொத்தக் கயிறு. வேற ஆம்பிளை எண்டால் அதை எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரன்ர முகத்தில எறிஞ்சிருப்பான். இவர் அதைச் சுருட்டி, காரின்ர பின்பெட்டிக்குள்ள வைச்சு, "உதவும்" எண்டார். அதுக்குப் பிறகு கார் ஊரை விட்டு வெளியில போகேல்லை. தபால் கந்தோருக்குப் போகும், வரும். இருநூறு யார் தூரம்.

பிரிட்ஜில இருக்கிற அந்தத் தாளை அடுத்த கிழமை கிழிக்கப் போனவர். "இனி வேண்டாம் மங்கை, நீர் விருப்பமான நேரம் போடும்" எண்டார். நான் விடேல்லை. பறிச்சுத் திரும்ப ஒட்டினன். ஏசி நான் அண்டைக்குப் பிறகு போட்டதில்லை. அவருக்காக எண்டு நினையாதையும். எனக்கு வெக்கை பழகிட்டுது.

கிழவனுக்கு மத்தியானச் சாப்பாடு நான்தான் கொண்டு போறன். அதையும் ஏன் எண்டு நினைக்காதையும். ஒற்றைக் கண்ணோட கத்தி பிடிச்சு ஒருக்கால் விரலை வெட்டினவர், ஜானிஸ் புலம்பிக்கொண்டு திரிஞ்சா, கேக்கச் சகிக்கேல்லை. உறைப்பில்லாமல் அவருக்குத் தனியா ஒரு சட்டி. ஒவ்வொரு நாளும் "உன்ர மனிசன்தான் இந்த ஊரில ஒரே நல்லவன்" எண்டு சொல்லிச் சொல்லிச் சாப்பிடுவார். அவற்ற கண்ணைப் போக்கின மனிசனை. சரியான மோட்டுக் கூட்டம் பிள்ளை, நான் என்ன செய்ய.

இப்ப நீர் எனக்கு ஒரு உதவி செய்யும். பற்றறி பிழை எண்டு எழுதிக் குடுத்திட்டுப் போம். வித்த இடத்தாக்கள் காரைத் திருப்பி எடுக்கட்டும். அவருக்கும் மூச்சு வரும், எனக்கும் வரும்.

என்ன? காரைப் பாக்க வரேல்லையோ? பின்ன எழுநூறு கிலோமீற்றர் என்னத்துக்கு வந்தனீர்? தாரும் அந்தப் பேப்பரை. இரும், கண்ணாடியைப் போடுறன்.

எட்டுத் தகடு. வீட்டுக்குத் தனியா ஒரு பற்றறி. ஏசி ரெண்டுக்கும் தனி லைன். எத்தினை மணி நேரம் ஓட வேணும் எண்டு கேட்டிருக்கிற இடத்தில "நாள் முழுக்க" எண்டு போட்டிருக்கு. கீழ கையால ஒரு வரி. "இது என் மனைவிக்கு. காருடன் எந்த விதத்திலும் இணைக்க வேண்டாம்." இங்கிலீசில எழுதினாலும் அவற்ற எழுத்து எனக்குத் தெரியாதோ?

திகதி என்ன இது? கார்த்திகை பதினெட்டு. அது திங்கக்கிழமை. ரேஸ் நடந்தது வெள்ளி. ரெஜ் அப்ப அடிலெயிட்டில, கண்ணில கட்டோட. சாமான் இங்க வந்து சேர நாலு மாசம் எடுத்ததோ. ஓம், இங்க எல்லாம் அப்பிடித்தான்.

இல்லை, இதில எனக்கு ஒண்டு விளங்கேல்லை. நான் வயரைக் கழட்டினது இவருக்கு எப்பிடித் தெரியும்? நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. முதல் முதல் உமக்குத்தான் சொல்லுறன்.

கழட்டின உடன ஃபோனுக்குச் செய்தி வருமோ? நேரம் போட்டோ? எல்லா மின்சாரக் காருக்கும் அப்பிடித்தானோ.

அப்ப பத்து மணிக்கே வந்திருக்கு.

பொறும் பிள்ளை. பத்து மணிக்கு. பள்ளிக்கூடம் இங்க இருந்து நாலு நிமிச நடை. வந்து திரும்பக் கொளுவியிருக்கலாம். வந்து ஏன் எண்டு கேட்டிருக்கலாம். கத்தியிருக்கலாம், நானும் கத்தியிருப்பன், ரெண்டு பேரும் கத்தி முடிய வயர் அதன்ர இடத்தில இருந்திருக்கும். வரேல்லை. நான் போர்வையைப் போர்த்துக்கொண்டு இங்க கிடக்க, அந்த மனிசன் அங்க கொப்பியளுக்கு முன்னால ஃபோனை வைச்சுக்கொண்டு, ஒரு நாளைக்குப் படுக்கட்டும் எண்டு இருந்திருக்கிறார். அஞ்சு மணித்தியாலம்.

பிறகு கராஜுக்குள்ள வந்து நிண்டு என்னைப் பாத்தது. நான் கையைத் துடைச்சுக்கொண்டு நிண்டது.

நாலு மாசம், நான் போட்ட சோத்தைச் சாப்பிட்டுக்கொண்டு, என்ர முகத்துக்கு நேர நிண்டு ஊருக்கெல்லாம் "மறந்திட்டன், மறந்திட்டன்" எண்டு. இவருக்கு ஒண்டும் விளங்காது எண்டு நான் நினைச்சன். முப்பத்தேழு வருசமா அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருக்கிறன்.

நேரம் என்ன? அங்க வாறார் பாரும், தொப்பியும் போடாமல், அந்தக் கொப்பிக் கட்டோட. அறுபத்தஞ்சு வயசு. நீர் பின்பக்கத்தால போய்க் கூரையை அளக்கிறதை அளந்துகொள்ளும். ரெஜ் வீட்டுப் பக்கம் போக வேண்டாம், அங்க நான் போய்ச் சொல்ல வேணும், இவரோட கதைச்சு முடிய. கெதியாப் போம் பிள்ளை, பேப்பர் என்னட்டை இருக்கட்டும். உந்த மனிசனுக்கு எதையும் நேர கேக்கத் தெரியாது. நாலு மாசம் இருந்தும் கேக்கத் தெரியேல்லை. நான்தான் துவங்க வேணும்.